வெர்னா சொன்னால்தான் திரும்பலாம்

இனிமேல் தன் ஆயுளில் ஒரு பனிக்காலத்தையும் கண்ணால் பார்ப்பதில்லை என்று டெல்மர் ஹோல்ஸ்ட் தீர்மானம் செய்தபோது, அவர் கோழிக்கூண்டு வாசலில் மல்லாந்து கிடந்தார். தீவன வாளி அவர் வயிற்றின் மேல் இருந்தது. அவரை வழுக்கிவிட்ட ஐஸ் ஒன்றும் அறியாததுபோல் அவருக்கு அடியில் பளபளத்தது. கோழிகள் எட்டிப் பார்த்தன. அவற்றுக்கு அனுதாபம் கொஞ்சமும் இல்லை, தீவனம் எப்போது வரும் என்ற கவலை மட்டும்தான்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவே பிறந்து, சோளக்காட்டுக்கு நடுவே வளர்ந்து, அதே சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வெர்னாவைக் கட்டிக்கொண்டவர் டெல்மர். பெரிய தீர்மானங்கள் செய்வதில் சூரர். ஒரு வருஷம் நெருப்புக்கோழி வளர்ப்பது என்று தீர்மானம். நெருப்புக்கோழிகள் வந்தன, அவரை ஊர் முழுக்கத் துரத்தின, போயின. இன்னொரு வருஷம் தாடி வளர்ப்பது என்று தீர்மானம். தாடி வந்தது, ஆள் அடையாளம் தெரியாமல் வீட்டு நாயே கடித்தது, தாடி போனது. ஆகையால் அன்று சாப்பாட்டு மேஜையில் அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தபோது, வெர்னா மசித்த உருளைக்கிழங்கைப் பரிமாறுவதை நிறுத்தவில்லை.

"நாம இந்த ஊரை விட்டுப் போறோம்."

"வியாழக்கிழமைக்குள்ள திரும்பிடுவோமா? சர்ச்சுல விருந்து இருக்கு."

"நிரந்தரமாப் போறோம் வெர்னா! செயின்ட் க்ரோய் தீவுக்கு! கரீபியன் கடல்ல இருக்கு. பனி கிடையாது, ஐஸ் கிடையாது. நம்ம நாட்டுக் கொடிதான் பறக்குது, பாஸ்போர்ட்கூட வேண்டாம்."

"அங்க நமக்கு யாரைத் தெரியும்?"

"யாரைத் தெரியணும்? ஒரு காலத்துல டென்மார்க்காரங்க ஆண்ட தீவு அது. என் கொள்ளுத்தாத்தா டென்மார்க்காரர். ஒரு விதத்துல பார்த்தா அது நமக்குப் பூர்வீகம்."

"உங்க கொள்ளுத்தாத்தா மாமியாருக்குப் பயந்து கப்பலேறினவர். ஓட்டம்தான் உங்களுக்குப் பூர்வீகம். கேரட் போட்டுக்குங்க."

"அங்க ஸ்கூலுக்குப் போணுமாப்பா?" என்று மகள் ட்வைலா நாட்டின் முக்கியமான கேள்வியைக் கேட்டாள்.

வெர்னா லேசில் மசியவில்லை. தன் அம்மாவின் கல்லறை இங்கே இருக்கிறது என்றாள். தம்பி கேலன் இங்கே இருக்கிறான் என்றாள். சர்ச் பாட்டுக் குழுவில் தன்னைவிட்டால் மேல்ஸ்தாயிக்கு ஆள் இல்லை என்றாள். டெல்மர் விடவில்லை. தேங்காய் மரம் போட்ட காலண்டரைச் சமையலறையில் மாட்டினார். அவளுடைய முழங்கால் வலியைப் பற்றி அவளைவிட அதிகமாக முனகினார். கடைசியில் அறுவடைக் காலத்துச் சர்ச் விருந்தன்று, ஊரே தட்டை ஏந்தி நிற்கும்போது, வெர்னா கையில் கரண்டியோடு எழுந்து நின்றாள்.

"சரி, வர்றேன். ஆனா ஒரு நிபந்தனை."

"நூறு சொல்லு!"

"ஒண்ணு போதும். ஊருக்குத் திரும்பலாம்னு நான் சொன்னா அன்னிக்கே திரும்பணும். நான் சொன்னாத்தான். நீங்க அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. எல்லாத்தையும் ஆரம்பிச்சுட்டுப் பாதியில கழட்டிக்கிற ஆளு நீங்க. நெருப்புக்கோழியை எல்லாம் கடைசியில பிடிச்சுக் கட்டினது யாரு? நான்."

டெல்மருக்குச் சிரிப்பு வந்தது. திரும்புவதா? அவரா? வலது கையைத் தூக்கி ஊரறியச் சத்தியம் செய்தார். இடது கை உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்துக்குள் இருந்ததை உணர்ச்சிவசத்தில் கவனிக்கவில்லை. நிலத்தை வரும் விதைப்புவரை கேலன் பார்த்துக்கொள்வான் என்று பேச்சாயிற்று. அறுவடை முடிந்த கையோடு மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள்.

தீவில் அவர்களுக்குக் கிடைத்தது மலைச்சரிவில் ஒரு வீடு. கீழே பார்த்தால் கடல். டெல்மர் வந்த அன்றே இரண்டு மரங்களுக்கு நடுவே வலை ஊஞ்சலைக் கட்டி, தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்தார். இதற்காகத்தான் அவர் பிறந்தார் என்று அவருக்குத் தோன்றியது. முதல் வாரம் முழுக்கத் தோன்றியது. இரண்டாவது வாரம் முதுகு வலித்தது. அப்புறம்தான் பாவம் அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. விடியுமுன் எழுந்து மாடு, கோழி, டிராக்டர் என்று ஓடியே பழகிய உடம்புக்குச் சும்மா கிடக்கத் தெரியவில்லை. எழுந்து நின்றால் செய்ய வேலையும் இல்லை. சரிவெல்லாம் கல்லும் புதரும். அதில் ஒரு சோளம் நட்டால் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

இது போதாதென்று மிஸ் அயாந்தி வேறு.

சரிவின் அடியில், பக்கத்து வீடும் கடையுமாக இருந்தது மிஸ் அயாந்தி ஹெய்லிகருடைய இடம். பால், ரொட்டி, மெழுகுவத்தி, ஊர்ச் செய்தி எல்லாம் அங்கேதான் கிடைக்கும். டெல்மர் முதல் தடவை உள்ளே போய், "பால் இருக்கா?" என்றார்.

மிஸ் அயாந்தி கடலைப் பார்த்தாள்.

"பாலுங்க. இருக்கா?"

கடையில் இருந்த மற்ற இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். டெல்மரும் பார்த்தார். கடலில் ஒன்றும் இல்லை.

"குட் மார்னிங்," என்றாள் மிஸ் அயாந்தி, மெதுவாக, பச்சைக் குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல.

"ஆமா, நல்ல வெயில்தான். பால்?"

பால் கிடைக்கவில்லை. டெல்மர் பங்கில் தப்பும் இல்லை. நெப்ராஸ்காவில் வணக்கம் என்பது ஸ்டியரிங்கில் இருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவது. எதிரே வரும் வண்டிக்காரனும் ஒரு விரலைத் தூக்குவான். குசலம், குடும்ப நலம், மழை நிலவரம் எல்லாம் அதில் அடங்கிவிடும். இரண்டு விரல் தூக்கினால் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று டாக்டரைக் கூப்பிடுவார்கள். இங்கேயோ கடைக்குள் நுழைந்தால், பஸ்ஸில் ஏறினால், டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்தால், முதலில் எல்லாரையும் பார்த்து வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பதில் வரும்வரை நிற்கவும் வேண்டும். அதற்கு அப்புறம்தான் பால். டெல்மர் அடுத்த தடவையும் விரலைத்தான் தூக்கினார். விரலில் ஏதோ முள் குத்தியிருக்கிறது என்று நினைத்துக் கடையில் இருந்த ஒருவர் எண்ணெய் தடவச் சொன்னார்.

சாயங்காலம் போனால் இன்னும் மோசம். அவர் தலையைக் கண்டதும் மிஸ் அயாந்தி, "குட் நைட்!" என்பாள். டெல்மர் அப்படியே திரும்பி வந்துவிடுவார்.

"வெர்னா, இந்த அம்மா நான் போனாலே கடையைச் சாத்துது."

"யார் சொன்னது?"

"குட் நைட்னு வாய் விட்டே சொல்றா. இன்னும் இருட்டக்கூட இல்ல!"

வெர்னா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, இங்க சாயங்காலம் வந்தவங்களை வாங்கன்னு கூப்பிடறதே அப்படித்தாங்க. நீங்களும் திருப்பிக் குட் நைட் சொல்லிட்டு உள்ள போணும்."

"உள்ள போறவன் எதுக்குக் குட் நைட் சொல்லணும்? ஒரு பாக்கெட் பாலுக்கு நான் கச்சேரி பண்ணணுமா? முடியாது. இனி அந்தக் கடைப் பக்கம் காலே வைக்க மாட்டேன்."

வைக்கவில்லை. மிஸ் அயாந்தி வீட்டைத் தாண்டிப் போகும்போது காரை விரட்டினார். விரலை மட்டும் பழக்கதோஷத்தில் தூக்கினார். இடதுபக்கம் ஓட்டும் சாலையில் இடதுபக்கமே உட்கார்ந்து ஓட்டுவதால் அந்த விரல் எப்போதும் ஓரத்துப் புதரைப் பார்த்தே எழுந்தது. புதரில் இருந்த ஆடுகள் மட்டும் அவரை மரியாதை தெரிந்த மனுஷர் என்று எண்ணியிருக்கலாம்.

மூன்றாம் மாதம் வந்தபோது டெல்மருக்கு வீட்டு ஏக்கம் வந்துவிட்டது. சும்மா வரவில்லை, படுத்தி எடுத்தது. கண்ணை மூடினால் தட்டையான நிலம் தெரிந்தது. இந்நேரம் கேலன் விதை வாங்கியிருப்பானா, டிராக்டருக்கு எண்ணெய் மாற்றியிருப்பானா என்று மனசு அடித்துக்கொண்டது. கோழிக்கூண்டு வாசல் ஐஸைக்கூட அன்போடு நினைத்தார். ஆனால் வாயைத் திறக்க முடியாது. ஊரறியச் சத்தியம். வெர்னா சொன்னால்தான் திரும்பலாம். ஆக, வெர்னாவைச் சொல்ல வைக்க வேண்டும். அதுவும் விதைப்புக்கு முன்னால்.

முதலில் நயமாகத் தூண்டில் போட்டுப் பார்த்தார்.

"வெர்னா, உனக்கு இங்க சூடு தாங்கல இல்ல?"

"சாயங்காலம் காத்து நல்லாத்தான் வருது."

"ஆடு உன் பூச்செடியை எல்லாம் தின்னுடுச்சே."

"மிஸ் அயாந்தி ஆடு தின்னாத செடியாப் பார்த்துக் குடுத்திருக்காங்க."

"பாவம், பாட்டுக் குழுவை விட்டுட்டு வந்துட்டே."

"இங்க சர்ச்சுல போன ஞாயித்துக்கிழமை என்னைத் தனியாவே பாட விட்டாங்க. நீங்கதான் தூங்கிட்டீங்க."

"உன் தம்பி?"

"பக்கத்துல இருந்தப்ப வருஷத்துல நாலு வார்த்தை பேசினான். இப்ப தினமும் போன் பண்ணி உயிரை எடுக்கறான்."

தூண்டிலில் ஒன்றும் சிக்கவில்லை. டெல்மர் யோசித்தார். வெர்னாவுக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு, தண்ணீர். குளிக்கப் போனால் பாட்டு முடியும்வரை வர மாட்டாள். அவளுக்குத் தெரிந்த பாட்டுக்களோ எல்லாம் நீளமானவை. தீவில் வீட்டுத் தண்ணீர் என்பது கூரையில் விழும் மழை, வீட்டுக்கு அடியில் உள்ள தொட்டியில் சேர்ந்து, பம்பு வழியாகக் குழாய்க்கு வருவது. இதுவோ மழை இல்லாத மாதம். தொட்டி வற்றினால்? தலையில் சோப்பு நுரையோடு அவள் வெளியே வந்து, "போதும், ஊருக்குப் போகலாம்" என்று கத்துவதை டெல்மர் மனக்கண்ணில் பார்த்தார். அந்தக் காட்சி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

மறுநாள் முதல் விடியற்காலையில் பூனைபோல எழுந்தார். கொல்லைப்புற ரப்பர் குழாயைத் திறந்து பின்பக்கம் வறண்டு கிடந்த ஓடைக்குள் விட்டார். ஒரு சாக்கை மேலே போட்டு மூடினார். அப்புறம் ஊஞ்சலில் படுத்துக் குறட்டை விடுவதுபோல் நடித்தார். தண்ணீர் சத்தமில்லாமல் சரிவில் இறங்கிப் போயிற்று. எங்கே போயிற்று என்று பார்க்கும் வழக்கம் தண்ணீரை வீணாக்குகிறவர்களுக்குக் கிடையாது.

ஒருநாள் மத்தியானம் குளியலறைப் பாட்டு நடுச்சரணத்தில் நின்றது. குழாய் இருமியது. டெல்மர் கதவுக்கு வெளியே ஓடிப்போய் நின்றார். முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ள அரும்பாடுபட்டார்.

"தண்ணி நின்னுடுச்சு," என்றது உள்ளே இருந்து குரல்.

"அடடா! இந்தத் தீவே இப்படித்தான் வெர்னா! நெப்ராஸ்காவுல நம்ம கிணறு வத்தி நீ பார்த்திருக்கியா?"

"இல்ல."

"அப்போ?"

"அப்போ என்ன? தண்ணி லாரிக்குப் போன் பண்ணுங்க."

டெல்மர் முற்றத்துக்குப் போய், யாரும் இல்லாத போனில் வெகுநேரம் கோபமாகப் பேசினார். "கேட்டியா வெர்னா, ஊர் பூரா லாரிக்கு வரிசையாம். எப்ப வரும்னே சொல்ல முடியாதாம். மனுஷன் வாழற இடமா இது? நீ என்ன சொல்றே?"

வெர்னா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். "ட்வைலா, உன் துண்டை எடு," என்றாள். இருவரும் சரிவில் இறங்கி மிஸ் அயாந்தி வீட்டுக்குள் போய்விட்டார்கள். பொழுது சாயும்போது ஈரத் தலையோடு, சிரித்துக்கொண்டே, வாழையிலை மூடிய ஒரு தட்டோடு திரும்பி வந்தார்கள்.

"மிஸ் அயாந்தி தினமும் வரச் சொல்லிட்டாங்க. அவங்க தொட்டி பெருசு. நீங்களும் போய்க் குளிச்சுட்டு வாங்க."

"எனக்கும் அந்தம்மாவுக்கும் பேச்சு கிடையாது."

"எப்ப இருந்தது, இப்ப இல்லாம போறதுக்கு?"

டெல்மர் மானஸ்தர். கடலில் குளித்தார். கடல் தண்ணீர் உடம்பில் காய்ந்ததும் உப்புப் பூத்தது. உப்பு அரித்தது. சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டால் அது தானாக நிமிர்ந்து உட்கார்ந்தது. தீவின் ஆடுகளுக்கு உப்பு என்றால் உயிர். ஊஞ்சலில் அவர் கண்ணசந்த நேரம் பார்த்து ஒரு ஆடு வந்து முழங்கையை நக்கியது. மறுநாள் அது தன் உறவினர்களையும் கூட்டி வந்தது. வீட்டைச் சுற்றி டெல்மர் ஓட, ஆடுகள் பின்னால் வர, அம்மாவும் மகளும் ஜன்னலில் முகவாயை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள்.

"அப்பா ஏம்மா ஓடறாரு?"

"உங்கப்பாவுக்குப் பிராணிகள்னா ஆசை. சின்னதுல இருந்தே அதுங்க அவரை விடறதில்ல."

ஞாயிற்றுக்கிழமை டெல்மர் சரணடைந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆடுகளுக்குத் தெரியாமல் சுற்று வழியில், மிஸ் அயாந்தி வீட்டு வாசலுக்குப் போனார். முன்வராந்தாவில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். வெர்னாவும் ட்வைலாவும் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார்கள். டெல்மரின் விரல் தன்னையறியாமல் எழுந்தது. எல்லாரும் கடலைப் பார்த்தார்கள்.

அவர் விரலை மடக்கிக்கொண்டார். உப்பு அரிப்பு முதுகில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு, "குட் ஆஃப்டர்நூன்!" என்று கத்தினார்.

"குட் ஆஃப்டர்நூன், மிஸ்டர் ஹோல்ஸ்ட்!" என்று வராந்தா முழுக்க ஒரே குரலில் பதில் வந்தது. மிஸ் அயாந்தி எழுந்தே விட்டாள். "இதைச் சொல்றதுக்கா இத்தனை மாசம்? நான் உங்களுக்கு வாயில ஏதோ கோளாறுன்னு நினைச்சு சர்ச்சுல பிரார்த்தனைகூடப் பண்ணினேன். போங்க, போய்க் குளிங்க, தண்ணியை வேணுங்கிற மட்டும் ஊத்திக்குங்க."

நல்ல தண்ணீரில் குளித்தபோது டெல்மருக்குக் கண் கலங்கியது. இந்தப் பெண்பிள்ளை இவ்வளவு நல்லவள் என்று தெரிந்திருந்தால் பாலாவது ஒழுங்காகக் குடித்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் அவருக்கு நடுநாற்காலி கிடைத்தது. மிஸ் அயாந்தி சுடச்சுடப் பொரித்த மாவு ரொட்டியான ஜானிகேக் தட்டை நீட்டினாள். வாசனை ஆளைத் தூக்கியது.

"சாப்பிடுங்க, மிஸ்டர் ஹோல்ஸ்ட்."

"ஐயோ, வேண்டாங்க."

தட்டு பக்கத்து ஆளுக்குப் போய்விட்டது. டெல்மர் திகைத்தார். நெப்ராஸ்காவில் யாரும் முதல் தடவை கேட்டதும் கை நீட்ட மாட்டார்கள். அது மரியாதை இல்லை. வேண்டாம் என்பார்கள், மறுபடி கேட்பார்கள், அட வேண்டாங்க என்பார்கள், மூன்றாவது தடவை கேட்டதும் நீங்க இவ்வளவு சொல்றீங்களே என்று ஒன்றுக்கு மூன்றாக எடுத்துக்கொள்வார்கள். இங்கே இரண்டாவது தடவையே வரவில்லை. தட்டு வராந்தாவைச் சுற்றி வந்து காலியாயிற்று. வெர்னா வாயில் ஜானிகேக்கோடு அவரைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றாள் மிஸ் அயாந்தி. "இந்த மனுஷர் வாய் திறந்து பேச மாட்டாரு. ஆனா மனசு தங்கம். இந்த வறட்சியில என் வாழை எல்லாம் கருகிப் போக இருந்தது. தினமும் விடியக்காலையில யாருக்கும் தெரியாம எழுந்து, தன் தொட்டித் தண்ணியை ஓடை வழியா என் வாழைக்கு விட்டிருக்காரு! தன் வீட்டுத் தொட்டி வத்தற வரைக்கும்! இப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்திருக்கீங்களா?"

எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து டெல்மரின் கையைக் குலுக்கினார். டெல்மர் மெதுவாக வெர்னா பக்கம் பார்த்தார். வெர்னா பெருமையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெருமையில் ஏதோ கோணல் இருந்தது.

"அப்படியா வெர்னா... உனக்குத் தெரியாதில்ல... சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"சொல்ல வேண்டாங்க. நல்ல காரியத்தை வெளிய சொல்லக் கூடாது," என்றாள் வெர்னா. அந்த நேரம் அவள் போன் ஒலித்தது. "கேலன்தான். எல்லாரும் கேக்கற மாதிரி வைக்கறேன். கேலன், உன் மச்சான் இங்கதான் இருக்காரு. ஊரே இருக்கு. பேசு."

"மச்சான், நல்லாயிருக்கீங்களா?" என்றது போன். கேலன் குரலுக்குப் பின்னால் டிராக்டர் ஓடும் சத்தம் கேட்டது. அவருடைய டிராக்டர். "விதைப்பு நெருங்குது மச்சான். அதான் கேக்கறேன். நீங்க திரும்பி வர்றதா இருந்தா நான் நிலத்தை உழுது வச்சுட்டு ஒதுங்கிக்கறேன். வரலைன்னா சொல்லுங்க, வீட்டையும் நிலத்தையும் நீண்ட குத்தகையா எடுத்துக்கிட்டு நானே குடும்பத்தோட குடிவந்துடறேன். ஒரு முடிவு தெரியணும்."

"எங்கிட்ட ஏன் கேக்கறே?" என்றார் டெல்மர். "உங்க அக்கா சொல்லணும். அதான் பேச்சு."

"நான் சொல்லத் தயாரா இருக்கேங்க," என்றாள் வெர்னா. "உங்க மனசுதான் எனக்குப் பெரிசு. உங்களுக்கு இங்க சந்தோஷமா இல்லைன்னா சொல்லுங்க. இந்த நிமிஷமே நான் வாயைத் திறந்து 'ஊருக்குத் திரும்பலாம்'னு சொல்லிடறேன். சொல்லட்டுமா?"

டெல்மரின் உள்ளம் துள்ளிக் குதித்தது. மாதக்கணக்காகக் காத்திருந்த வார்த்தை! அவள் வாயாலேயே! சரி என்று ஒரு தலையசைப்புப் போதும். ஆனால் ஊரே பார்க்கிறது. இப்போதுதான் தங்கம் என்று கை தட்டியிருக்கிறார்கள். முதல் தடவை கேட்டதுமே ஆமாம் என்று பாய்ந்தால் என்ன நினைப்பார்கள்? கேலன் வேறு கேட்டுக்கொண்டிருக்கிறான். அவள் எப்படியும் இன்னொரு தடவை கேட்பாள், மூன்றாவது தடவை பெருமூச்சு விட்டு, உன் இஷ்டம் வெர்னா என்று ஒத்துக்கொண்டால் சத்தியமும் நிற்கும், மானமும் நிற்கும்.

"சே சே, என்ன பேச்சு வெர்னா இது?" என்றார் கையை விரித்து. "எனக்கு இங்க என்ன குறைச்சல்? கடல் இருக்கு, காத்து இருக்கு, மிஸ் அயாந்தி மாதிரி மனுஷங்க இருக்காங்க. நான் இந்த மண்ணை விட்டு வர்றதாவது! எனக்காக நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா."

சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார்.

"கேட்டியா கேலன்?" என்றாள் வெர்னா. "வேண்டாமாம்."

"அப்ப சரிக்கா! நாளைக்கே குடிவந்துடறேன். ரொம்ப தேங்ஸ் மச்சான்! நீங்க பாதியில கழட்டிக்குவீங்கன்னு ஊர்ல எல்லாரும் பந்தயம் கட்டினாங்க. ஜெயிச்சுட்டீங்க!" போன் வைக்கப்பட்டது. டிராக்டர் சத்தமும் நின்றது.

வராந்தாவில் மறுபடி கைதட்டல். மிஸ் அயாந்தி அவருக்கு மாபி ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள். மரப்பட்டையில் காய்ச்சிய அந்தப் பானம் படுகசப்பு. டெல்மர் முகம் மாறாமல் குடித்தார். இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு மேலேறும் வழியில் ட்வைலா முன்னால் ஓடினாள். டெல்மரும் வெர்னாவும் மெதுவாக ஏறினார்கள். பின்னால் ஆடுகள் வந்தன.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் டெல்மர்.

"எது, தண்ணியா? முதல் நாளே. குழாயைத் திறந்தா வீட்டுக்குள்ள பம்பு ஓடுங்க. என் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பம்பு. உங்க குறட்டையையும் சேர்த்துப் போட்டீங்க பாருங்க, அதைக் கேட்டுத்தான் எழுந்தே உக்காந்தேன். அந்தக் குறட்டை உங்க குறட்டையே இல்ல."

"தெரிஞ்சும் தடுக்கலையா?"

"வாழை நல்லா வந்துச்சே." வெர்னா நின்றாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வந்த புதுசுல, முதல் மாசம் பூரா, நான் குளியலறையில பாடலீங்க, அழுதேன். எங்க அம்மா, என் வீடு, என் அடுப்பு, எல்லாம் ஞாபகம் வந்துச்சு. நீங்க ஒரே ஒரு தடவை 'போயிடலாமா'ன்னு கேட்டிருந்தா அன்னிக்கே பெட்டி கட்டியிருப்பேன்."

"நான் கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினதே நீதானே!"

"இதுக்கு முன்னால எத்தனை சத்தியம் பண்ணியிருக்கீங்க! எதைக் காப்பாத்தினீங்க? இதைப் போய்க் காப்பாத்துவீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

"அப்ப நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"ஊரைக் கூட்டி நிபந்தனை போட்டவ நானு. வந்த மாசமே நானே வந்து நின்னா என் மானம் என்ன ஆறது? அப்புறம் மெல்ல மெல்லப் பழகிடுச்சு. அங்க நான் டெல்மர் பெண்டாட்டி, கேலன் அக்கா. இங்க மிஸ் வெர்னான்னு பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. தனியாப் பாடச் சொல்றாங்க. எனக்குப் பிடிச்சிருக்குங்க, நிஜமாவே பிடிச்சிருக்கு."

அவள் முகத்தைப் பார்த்தபோது அது பொய்யில்லை என்று டெல்மருக்குத் தெரிந்தது. அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. கீழே கடல், மேலே வீடு, நடுவில் ஒரு ஆடு அவர் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அந்த டிராக்டர் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. அவர் வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெர்னா... கேலன் இன்னும் குடிவந்திருக்க மாட்டான். சும்மா ஒரு பேச்சுக்கு... அங்க எல்லாருக்கும் முன்னால எங்கிட்ட ஒண்ணு கேட்டியே. அதை இன்னும் ஒரே ஒரு தடவை கேளேன்."

வெர்னா அன்பாக அவர் கன்னத்தைத் தட்டினாள்.

"இந்த ஊர்ல ஒரு தடவைதாங்க கேப்பாங்க."